பீரோவுக்குள் எட்டுக் கொம்பு

ஸ்கேனர் அக்கா செய்த முதல் தப்பு, அனுமதி கேட்டதுதான்.

கேட்காமல் கடைக்குப் போய் ஒரு ரவுட்டரை வாங்கி, வீட்டில் மாட்டி, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே இடமில்லை. ஆனால் அது இருபத்தோரு வருடம் நில வரைபட அலுவலகத்தின் நாற்காலியில் உட்கார்ந்து பழகிய உடம்பு. தும்மல் வந்தால்கூட மேலதிகாரி பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் தும்மும்.

அந்த அலுவலகத்தில் சுற்றுவட்டாரத்து வயல், வாய்க்கால், வரப்பு எல்லாவற்றுக்கும் பழைய வரைபடங்கள் இருந்தன. தொட்டால் உதிர்கிற தாள்கள். அவற்றை ஸ்கேனரில் போட்டுக் கணினிக்குள் ஏற்றுவதும், கிழிசலையும் கறையையும் மடிப்பையும் திரையில் சரிசெய்வதும் அக்காவின் வேலை. அதனால் தலைவர் முதல் வாயில்காவலர் வரை எல்லாருக்கும் அவர் ஸ்கேனர் அக்கா. சரிசெய்து முடித்த ஒரு வரைபடம் இரண்டு ஜிகாபைட் வரும். நாளொன்றுக்கு இருபது வரைபடம்.

அக்காவின் கணவர் லாரி டிரைவர். நின்றுகொண்டிருந்த லாரியின் மேலேறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஊரெல்லாம் ஓட்டிப் பார்த்த மனிதர், ஓடாத லாரியிலிருந்து விழுந்தோமே என்கிற வெட்கம் அவருக்கு எலும்பைவிட அதிகமாக வலித்தது. மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருவர் கட்டிலில், இன்னொருவர் அலுவலகத்தில் என்றால், கட்டிலில் இருப்பவரைக் கழிப்பறைக்கு யார் கூட்டிப்போவது?

அக்கா விண்ணப்பம் போட்டார். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சிறப்பு அனுமதி மூன்று மாதத்துக்குக் கிடைத்தது. கூடவே நிபந்தனைகளும் கிடைத்தன. நாலாவது நிபந்தனை: ஏற்கெனவே ஸ்கேன் செய்தவற்றில் நாளுக்கு இருபது வரைபடங்கள் சரிசெய்யப்பட்டு இணையம் வழியாக அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும், இரண்டாம் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்துக் குறைவு இருந்தால் அனுமதி ரத்து. ஐந்தாவது நிபந்தனை: அலுவலகக் கோப்பு கடந்து செல்லும் கருவி எதுவாயினும் அது அலுவலகக் கருவியாகவே கருதப்படும்.

வீட்டில் இருந்தது இணைப்புக் கொடுத்தவர்கள் சும்மா தந்துவிட்டுப் போன டப்பா. அது ஒரு நாளைக்கு மூன்று வரைபடம் அனுப்பும். நாலாவதைக் கொடுத்தால் சூடாகி, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்துவிடும்.

அக்கா தெருமுனைக் கணினிக் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு கீபோர்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் விஷயத்தை முடித்தார்.

"உங்க லைன்ல வேகம் இருக்குக்கா. டப்பாதான் அதைக் கெடுக்குது. பெரிய ஃபைல் அனுப்பறவங்க ரெண்டு விஷயம் பாத்தாப் போதும். கேபிள் மாட்டற ஓட்டை ஜிகாபிட் ஓட்டையா இருக்கணும். நாள் முழுக்க ஓடினாலும் சூடாகக் கூடாது. ஆண்டெனாவை எண்ணாதீங்க. அதெல்லாம் பாக்கறதுக்கு. இந்தச் சின்ன வெள்ளைய எடுத்துட்டுப் போங்க, கம்ப்யூட்டரை ஒயர்லயே மாட்டிருங்க, முடிஞ்சுது."

அக்கா வெள்ளை ரவுட்டரைக் கையில் வாங்கிப் பார்த்தார். உள்ளங்கையில் அடங்கியது. வாங்கியே விட்டிருப்பார். ஆனால் ஐந்தாவது நிபந்தனை ஞாபகம் வந்து தொலைத்தது. ரவுட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்" என்றார்.

கேட்டார். ஒரு வார்த்தைக்குப் பதிலாக ஒரு குழு கிடைத்தது.

வீட்டு ரவுட்டர் தேர்வுக்குழுவில் இரண்டே பேர். ஒருவர் அலுவலகத் தலைவர். மற்றவர் ஸ்டோர் கீப்பர். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் எப்போதும் ஏதோ திருட்டுப்போய்விட்ட கவலை. ஆறு ரவுட்டர்களை வரவழைத்துச் சோதிப்பது என்று முடிவாயிற்று. அக்கா கெஞ்சிக் கேட்டதால் அந்தச் சின்ன வெள்ளையும் ஆறில் ஒன்று.

சோதனை நாளில் அக்கா பக்கத்து வீட்டு அம்மாளைக் கணவருக்குத் துணை வைத்துவிட்டு அலுவலகம் போனார். ஸ்டோர் கீப்பர் வெள்ளை ரவுட்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, தன் அறையிலிருந்த பெரிய இரும்பு பீரோவுக்குள் வைத்தார். பீரோவின் முதுகில் ஒயர் போக ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டை போடுவதற்கு ஒப்புதல் வாங்க மட்டும் ஒன்பது நாள் ஆகியிருந்தது. வைத்த பிறகு கதவைச் சாத்தினார். சாவியைப் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பிறகு திருப்தியுடன் தலைவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

தலைவர் மடிக்கணினியைத் திறந்தார். சிக்னல் இல்லை. ஒரு அடி முன்னால் வந்தார். இல்லை. பீரோவின் மேலேயே கணினியை வைத்துப் பார்த்தார். மருந்துக்குக்கூட இல்லை.

"ஃபெயில்," என்றார் தலைவர். ஸ்டோர் கீப்பர் குறித்துக்கொண்டார்.

"ஐயா, பீரோ இரும்பு. பூட்டி வச்சா எப்படிங்கய்யா சிக்னல் வெளிய வரும்? கதவைத் திறந்து வச்சு ஒருதடவை..."

ஸ்டோர் கீப்பர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "திறந்து வைக்கிறதா? என்ன அக்கா பேசறீங்க? பரிசீலனையில இருக்கற பொருள் பூட்டுலதான் இருக்கணும். ரூல் இருக்கு."

தலைவர் நிதானமாக விளக்கினார். விளக்குவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "இங்க பாரும்மா. இந்த ஆபீஸ்ல முப்பது வருஷமா ஒரு குண்டூசி தொலைஞ்சதில்ல. ஏன் தெரியுமா? எதையும் நாங்க வெளிய எடுத்ததில்ல. வேகம் வேகம்னு ஆளாளுக்குப் பறக்கறாங்க. வேகமாப் போய் என்ன பண்ணப் போறோம்? மொதல்ல பொருள் பத்திரமா இருக்கணும். பத்திரமாவும் இருக்கணும், வேலையும் செய்யணும். அப்படி ஒரு ரவுட்டர் இந்த உலகத்துல இல்லாமயா போயிடும்?"

வாரத்துக்கு ஒரு ரவுட்டர் வீதம் சோதித்தார்கள். இரண்டாவது ஃபெயில். மூன்றாவது ஃபெயில். நாலாவது உள்ளே போன வேகத்தில் பீரோவுக்குள் புழுங்கி அணைந்தே போயிற்று. அதற்கு "ஒழுக்கக் குறைவு" என்று தனியாக ஒரு குறிப்பு எழுதினார்கள். ஐந்தாவதும் ஃபெயில்.

இதற்கிடையில் இணையம் வழியாகப் போக வேண்டிய வரைபடங்கள் சேர்ந்துகொண்டே போயின. பழைய டப்பா மூன்றை அனுப்ப, மிச்சம் பதினேழை அக்கா பென் டிரைவில் போட்டுக்கொண்டு தினமும் பஸ் ஏறினார். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் சொந்த வேலை இருக்காதா? பல நாள் கணவர் தனியாகத்தான் கிடந்தார். வாயிலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடி வருவார். அந்தப் பதிவேடு தலைவரின் மேசைக்குப் போயிற்று. பதினோராம் நாள் மெமோ வந்தது.

"வீட்டிலிருந்து பணிபுரிய அனுமதி பெற்றுள்ள தாங்கள், அனுமதிக்கு மாறாக, தொடர்ந்து பத்து நாட்கள் அலுவலகத்தில் காணப்பட்டது ஏன் என்பதற்கு மூன்று தினங்களுக்குள் நேரில் வந்து விளக்கமளிக்க வேண்டியது."

கணவர் அதைக் கட்டிலில் படுத்தபடி இரண்டு தரம் படித்தார். சிரிப்பில் கட்டு போட்ட கால் குலுங்கி வலித்தது. "ஏம்மா, நேர்ல போய் விளக்கம் சொன்னேன்னு வை, அதுக்கும் ஒரு மெமோ வரும். பத்து பதினொண்ணாயிடும்."

"சிரிங்க, சிரிங்க. உங்களுக்கென்ன."

"சிரிக்காம? எங்க லாரி ஆபீஸ்ல இப்படி ஒரு ஆளை வச்சிருந்தா, லோடு போய்ச் சேராம வண்டி மட்டும் போயிட்டு வந்துட்டிருக்கும்."

அக்கா போனார். விளக்கம் கொடுத்தார். மெமோ வந்தது.

ஆறாவது ரவுட்டர் சோதனைக்கு வந்தபோதுதான் அதிசயம் நடந்தது. அது கறுப்பு நிறம். எட்டு ஆண்டெனா, ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். கவிழ்த்துப்போட்ட வண்டு காலைத் தூக்கிக்கொண்டிருப்பது போலிருந்தது. பீரோவுக்குள் எப்படித் திருப்பி வைத்தாலும் இரண்டு கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்டோர் கீப்பர் தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். கதவு ஒரு சாண் திறந்தே நின்றது. கடைசியில் கதவையும் கைப்பிடியையும் சணல் கயிற்றால் கட்டி, கயிற்றின் மேல் அரக்கு வைத்து, "பூட்டியாச்சு" என்றார்.

தலைவரின் மடிக்கணினியில் சிக்னல் முழுசாக வந்தது.

தலைவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "பாத்தியாம்மா? பொறுமையா இருந்தா நடக்கும்னு சொன்னேன்ல? மத்த அஞ்சும் பூட்டைப் பாத்துப் பயந்துடுச்சு. இது பயப்படல. கொம்புக்கு ஒரு மார்க் வீதம் எட்டு மார்க். எழுதுங்க."

"ஐயா, அது கதவு திறந்திருக்கறதால..." என்று ஆரம்பித்த அக்கா, தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கல்யாண வீட்டில் இழவுச் செய்தி சொல்ல வந்தவளைப் பார்ப்பது போல அவர் பார்த்தார்.

உத்தரவு தெளிவாக இருந்தது. தேர்வின்போது எந்த நிலையில் வெற்றி கண்டதோ அதே நிலையில் ரவுட்டரை வீட்டில் நிறுவ வேண்டும். மறுநாள் ஸ்டோர் கீப்பர் ஸ்கேல், கயிறு சகிதம் வீட்டுக்கு வந்தார். வீட்டில் இருந்த ஒரே இரும்பு பீரோ, படுக்கையறையில் கணவரின் சட்டைகள் இருந்த பீரோ. சட்டைகளை ஒதுக்கித் தள்ளிவிட்டு எட்டுக் கொம்பை உள்ளே வைத்தார். கதவைச் சரியாக ஒரு சாண் திறந்து, அளந்து, இன்னொரு தரம் அளந்து, கதவுக்கடியில் ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

எட்டுக் கொம்பு ஒரு நாளைக்கு ஐந்து வரைபடம் அனுப்பியது. கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, கேபிள் ஓட்டை பழைய காலத்து மெதுவான ஓட்டை என்றும், எட்டில் ஐந்து கொம்பு வெறும் பிளாஸ்டிக் என்றும் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இரண்டாம் மாதம் முடிய எட்டே நாள். பென் டிரைவை எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினார்.

அன்றைக்கு பஸ் வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. கழிப்பறை வாசலில் கணவர் சுவரில் சாய்ந்து தரையில் கிடந்தார். கைத்தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். உடுப்பு நனைந்திருந்தது.

"ஒண்ணும் ஆகல," என்றார் அவசரமாக. "கால் நல்லாத்தான் இருக்கு. சும்மா உக்காந்தேன்."

"எவ்வளவு நேரமா?"

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற வாய்க்கு அன்று கேலி வரவில்லை. பிறகு மெல்ல, "நீ வர்றதுக்குள்ள மாத்திக்கலாம்னு பாத்தேன்மா. முடியல" என்றார். அக்கா அவரைக் கழுவி, துணி மாற்றி, கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தார். இருபத்தோரு வருடத்தில் முதல்முறையாக அந்த அலுவலகத்தின் மேல் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நிமிடம் கழித்துத் தெருமுனைக் கடையில் நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் கேட்கவில்லை.

சின்ன வெள்ளையைக் கட்டிலோரம் மருந்துகள் வைக்கிற பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டார்கள். அதிலிருந்து கணினிக்கு ஒரு கேபிள். பீரோவிலிருந்த எட்டுக் கொம்புக்கும் பேருக்கு ஒரு கேபிள். அது பாட்டுக்கு நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. முதல் வரைபடம் மூன்று நிமிடத்தில் போயிற்று. எட்டு நாளில், பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தவையும் நாலாவது நிபந்தனைப்படி இணையம் வழியாகவே போய்ச் சேர்ந்து, நிலுவையெல்லாம் தீர்ந்து, இரண்டாம் மாதக் கணக்கு சரியாக நின்றது.

இனிமேல் நிம்மதி என்று நினைத்தது அக்காவின் இரண்டாவது தப்பு. ஒரு குழு தோற்றுப்போனால் யாரையும் பார்க்க வராது. ஜெயித்துவிட்டால் வீடு தேடி வந்துவிடும்.

தலைவரும் ஸ்டோர் கீப்பரும் ஒரு முற்பகலில் வந்து சேர்ந்தார்கள். படுக்கையறைக்குள் நுழைந்ததும் தலைவர் பீரோவைப் பார்த்துக் கும்பிடாத குறை. "அம்மா, ஒரு வரைபடம் அனுப்பு. கண்ணால பாக்கணும்."

அக்கா அனுப்பினார். திரையில் பச்சைக் கோடு கிடுகிடுவென்று நகர்ந்தது. தலைவர் ஆகா என்றார். ஸ்டோர் கீப்பருக்கு மட்டும் திறந்த கதவு உறுத்திக்கொண்டே இருந்தது. "ஐயா, எதுக்கும் ஒருதடவை சாத்திப் பாத்துடலாம்" என்று சொல்லி, மரத்துண்டை உருவினார். கொம்புகளை வளைத்து உள்ளே திணித்தார். கதவு சாத்திக்கொண்டது. வீட்டு பீரோவுக்குள் எப்படியோ எட்டும் அடங்கிவிட்டன.

அக்கா திரையைப் பார்த்தார். பச்சைக் கோடு நகர்ந்துகொண்டிருந்தது. தலைவர் கழுத்தைத் திருப்பினால் தீர்ந்தது.

கட்டிலிலிருந்து ஒரு முனகல் கேட்டது. "ஐயோ, வலி... மாத்திரை எங்கம்மா வச்சே?" கணவர் கூடைக்குள் கையை விட்டுத் துழாவினார். கோடு சட்டென்று நின்றது.

"பாத்தீங்களாய்யா!" என்று ஸ்டோர் கீப்பர் கூவினார். "சாத்தினா நிக்குது!" கதவைத் திறந்தார். கணவர் இன்னும் மாத்திரை தேடிக்கொண்டிருந்தார். கோடு ஓட ஆரம்பித்தது. சாத்தினார். முனகல். நின்றது. திறந்தார். ஓடியது. ஸ்டோர் கீப்பர் ஐந்து தரம் சாத்தித் திறந்தார். கணவருக்கு ஐந்து தரம் வலி வந்தது.

தலைவர் பரவசத்தில் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான்யா புரியுது. நாம ஆறு வாரமா ரவுட்டரைத் தேர்வு செய்யறோம்னு நெனச்சோம். ரவுட்டர் எல்லாம் ஒண்ணுதான். விஷயமே பீரோவுல இருக்கு! ஒரு சாண் திறக்கணும். இதை எந்தக் கம்பெனிக்காரனாவது சொன்னானா? நாம கண்டுபிடிச்சோம்." பிறகு அக்காவைக் கனிவாகப் பார்த்தார். "இவ்வளவு திறமையை வீட்டுல அடைச்சு வைக்கக் கூடாதும்மா. உன்னைக் குழுவுல மூணாவது உறுப்பினராப் போடறேன். நாளையிலேர்ந்து தினமும் ஆபீஸ் வந்துடு. இந்த வீட்டு அனுமதியெல்லாம் இனி உனக்கெதுக்கு?"

கழிப்பறை வாசலும் அந்த நனைந்த உடுப்பும்தான் அக்காவின் கண்முன்னால் வந்து நின்றன. "ஐயா, இவருக்கு இன்னும் ஒரு மாசம்..." என்று இழுத்தார்.

"ஐயா," என்றார் கணவர். இரண்டு மாதமாக மனைவி கொண்டுவந்த மெமோவையும் உத்தரவையும் படித்துப் படித்துப் பொழுதுபோக்கியவர் அவர். "சின்ன சந்தேகம். இந்த பீரோ இப்போ ஒரு சாம்பிள், மாதிரிப் பொருள்தானே? இதைப் பாத்துத்தானே இனி எல்லா வீட்டுலயும் வைக்கப் போறீங்க? சீல் வைக்க வேண்டாமா?"

ஸ்டோர் கீப்பரின் முகம் மலர்ந்தது. அவருடைய பாஷையில் ஒருவர் பேசி எத்தனை வருடமாயிற்று! "வைக்கணும்! மாதிரிப் பொருளுக்குச் சீல் வைக்கணும். வச்ச இடத்தை விட்டு நகர்த்தக் கூடாது."

"காவல்?"

"அலுவலக நேரம் முழுக்க ஊழியர் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். ரூல் இருக்கு."

"அப்ப தினமும் ஒரு ஆளை இங்க அனுப்பி வைப்பீங்க," என்றார் கணவர் அப்பாவியாக. "வரட்டும். எனக்கும் பேச்சுத் துணையாச்சு."

தலைவர் யோசித்தார். அலுவலகத்தில் அனுப்ப ஆள் கிடையாது. நெற்றி சுருங்கியது, விரிந்தது. "இந்தாம்மா, குழுவெல்லாம் அப்புறம் பாக்கலாம். நீ இங்கயே இரு. பீரோவை விட்டு அந்தாண்ட இந்தாண்ட போகக் கூடாது. வேணும்னா சும்மா இருக்கற நேரத்துல வரைபட வேலையையும் பாத்துக்க."

கதவை ஒரு சாண் திறந்து, கயிறு கட்டி, அரக்கு வைத்து, முத்திரை குத்திவிட்டுப் போனார்கள். அவர்கள் தெருவைத் தாண்டும் வரை கணவரும் மனைவியும் மூச்சுக்காட்டவில்லை. பிறகு கணவர் தான் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"ஏம்மா, மத்த சட்டையெல்லாம் உள்ள இருக்கே?"

அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டார்.

மூன்றாம் மாதக் கடைசியில் கணவர் காலை ஊன்றி, துவைத்துத் துவைத்து வெளுத்த அதே சட்டையோடு தாமாகவே ஜன்னல் வரை நடந்தார். அன்றுதான் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒரே ஒரு பக்கம். அதை யாரோ வரைபட ஸ்கேனரில் போட்டு எடுத்திருந்ததால் இரண்டு ஜிகாபைட் இருந்தது. சின்ன வெள்ளை மூன்று நிமிடத்தில் அதை இறக்கிக் கொடுத்தது.

"சட்டையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?" என்று ஜன்னலோரத்திலிருந்து கேட்டார் கணவர்.

"இல்லீங்க. ரெண்டே வரிதான்," என்று அக்கா வாசித்தார்.

"வீட்டிலிருந்து பணிபுரிய விரும்பும் ஊழியர்கள், ஒரு சாண் திறக்கக்கூடிய இரும்பு பீரோ ஒன்று வைத்திருத்தல் கட்டாயம். ரவுட்டர் அவரவர் விருப்பம்."